பழைய புரோகிராம் கைக்கு வந்தால் என்ன செய்வது?

திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய ஓர் அரிசி மண்டி. போன மாதம் அங்கே ஒரு பையனைப் பார்த்தேன். பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தவன், வேலைக்குச் சேர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. கல்லாவுக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் நீலத் திரையும் வெள்ளை எழுத்தும். மவுஸுக்கு அங்கே வேலையே கிடையாது. கணக்குப்பிள்ளை திரையைப் பார்க்காமலே நாலைந்து விசைகளைத் தட்டினார்; டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கறகறவென்று பில்லை வெளியே தள்ளியது. பையன் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டான்: "சார், இது எதுல எழுதினது? அண்ணாச்சி என்னைப் பாத்துக்கிடச் சொல்லுதாரு. எங்க இருந்து தொடங்கன்னே தெரியல."

அது கிளிப்பரில் எழுதியது; விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மொழி. அன்றைக்கு அவனிடம் வாய்வழியாகச் சொன்னதை, விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் இருபது வருடம் சென்னையில் மெயின்பிரேமில் (வங்கி போன்ற பெரிய நிறுவனங்களின் பெரிய கணினி) கோபோல் என்ற மொழியில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். இப்போது மண்டி, மில், சிறிய சங்கங்கள் என்று பழைய புரோகிராம்களைப் பார்த்துக்கொடுக்கிறேன். இந்த வருடங்களில் புதிதாக எழுதியதை விட, வேறு யாரோ எழுதியதை வாசித்ததுதான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியும் பெரும்பாலும் வாசிப்பதைப் பற்றித்தான்.

இரண்டு வகைப் பிள்ளைகளை மனதில் வைத்திருக்கிறேன். ஒன்று, ஊரிலேயே ஒரு கடையின் பழைய கிளிப்பர், பாக்ஸ்புரோ புரோகிராமைத் தலையில் ஏற்றுக்கொண்டவர்கள். இன்னொன்று, சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்து, போன பிறகு "உனக்கு மெயின்பிரேம் புராஜெக்ட்" என்று சொல்லப்பட்டவர்கள். இரண்டாம் வகையினர் பலர் எனக்குப் போன் போட்டு அழாத குறையாகப் பேசியிருக்கிறார்கள். அழவேண்டிய விஷயமே இல்லை இது.

இன்னும் ஏன் ஓடுகிறது

கோபோல் 1959-ல் தொடங்கியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் கூடிய கோடசில் என்ற குழு அதை வடிவமைத்தது. கிரேஸ் ஹாப்பர் அதற்கு முன்பே உருவாக்கியிருந்த ஃப்ளோ-மேட்டிக் மொழியின் சாயல் அதில் நிறைய உண்டு. 1964-ல் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது ஒரு மாடலுக்கு எழுதியது அந்த வரிசையின் மற்ற மாடல்களிலும் ஓடும் என்று சொன்னது. அந்தச் சொல்லை அடுத்தடுத்த தலைமுறை மெயின்பிரேம்களிலும் காப்பாற்றிக்கொண்டே வந்தது. எழுபதுகளில் எழுதிய ஒரு வட்டிக் கணக்கு இன்றைய இயந்திரத்திலும் ஓடுவதற்கு இதுதான் முதல் காரணம்.

அடுத்த காரணம் காசு. பைத்தானில் ஒரு லூப் போட்டு 0.1-ஐப் பத்து தடவை கூட்டிப் பாருங்கள். 1 வராது, 0.9999999999999999 வரும். மூன்றில் ஒரு பங்கைப் பத்தின் அடிப்படையில் முழுதாக எழுத முடியாதது போல, பத்தில் ஒரு பங்கை இரண்டின் அடிப்படையில் முழுதாக எழுத முடியாது. கோபோல் ரூபாய் பைசாவைப் பத்தின் அடிப்படையிலேயே வைத்துக் கூட்டுகிறது, நம் கணக்கு நோட்டில் கூட்டுவது போலவே. புதிய மொழிகளிலும் இதற்கு வழி இருக்கிறது. ஆனால் தேடிப்போய்ப் பயன்படுத்த வேண்டும். கோபோலில் அதுதான் இயல்பு.

நம் ஊர்க் கடைகளின் கதை வேறு. மெயின்பிரேம் வாங்க யாரிடம் பணம் இருந்தது? எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் சாதாரணக் கம்ப்யூட்டர் வந்தபோது கணக்குக் கோப்புகளைக் கையாளும் டிபேஸ், கிளிப்பர், பாக்ஸ்புரோ வந்தன. கிளிப்பர் 1985-ல் வெளியானது. பாக்ஸ்புரோவை 1992-ல் மைக்ரோசாப்ட் வாங்கியது. அதன் கடைசிப் பதிப்பான விஷுவல் பாக்ஸ்புரோ 9 வந்தது 2004-ல், அதற்கான ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்தது. விஷுவல் பேசிக் 6-க்கு 2008-லேயே முடிந்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு அந்தப் புரோகிராம்கள் காலையில் கடை திறந்ததும் ஓடத் தொடங்குகின்றன. மண்டிக்காரருக்கு வேண்டியதை அவை செய்கின்றன, அவ்வளவுதான்.

பழையது என்ற சொல்லையே கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்துங்கள். தரவுத்தளத்தில் தேட இன்றும் பயன்படும் எஸ்க்யூஎல் மொழி 1974-ல் வந்தது. அதைப் பழைய மொழி என்று எந்தக் கல்லூரியிலும் சொல்வதில்லை.

தொடும் முன் நகல்

முதல் நாள் செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்று. எல்லோரையும் புரோகிராமை விட்டு வெளியே வரச் சொல்லிவிட்டு, அந்த ஃபோல்டரை முழுதாக இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். ஒன்று கடையில், ஒன்று உங்கள் வீட்டில். (கடைக்காரரிடம் கேட்டுவிட்டு. அது அவருடைய கடன் பாக்கிக் கணக்கு.)

பிறகு உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். டிபிஎஃப் என்று முடியும் கோப்புகளில்தான் கணக்கு இருக்கிறது, உயிர் அதுதான். என்டிஎக்ஸ் அல்லது சிடிஎக்ஸ் என்று முடிபவை இன்டெக்ஸ், அதாவது சீக்கிரம் தேடுவதற்கான அட்டவணை. கெட்டுப்போனால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். "பில் நம்பர் கொடுத்தா வரமாட்டேங்கு" என்று வரும் புகார்களில் நிறைய இன்டெக்ஸ் கோளாறாகவே இருக்கும், புரோகிராமைத் திறக்காமலே தீர்த்துவிடலாம். பிஆர்ஜி என்று முடிபவை சோர்ஸ், அதாவது மனிதர் எழுதிய நிரல். அதைக் கம்பைல் செய்தால் இயந்திரம் ஓட்டும் எக்ஸ்ஈ கிடைக்கும்.

கடையில் ஓடும் எக்ஸ்ஈ அந்த சோர்ஸிலிருந்துதான் வந்தது என்று நம்பிவிடாதீர்கள். எழுதிக்கொடுத்தவர் கடைசியாக ஒரு திருத்தம் செய்து எக்ஸ்ஈ-யை மட்டும் கடையில் போட்டுவிட்டு, திருத்திய சோர்ஸை தன் வீட்டு ஃபிளாப்பியிலேயே வைத்திருப்பார். சோர்ஸை நீங்களே கம்பைல் செய்து, நகல் ஃபோல்டரில் ஓட்டி, நேற்றைய பத்து பில்லைத் திரும்ப அடித்துப் பாருங்கள். பைசா வரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் பழையவரைத் தேடிப் போங்கள். நான் ஒருவரை வீரவநல்லூர் வரை தேடிப்போயிருக்கிறேன். மனிதர் சந்தோஷமாக உள்ளே கூப்பிட்டு, காப்பி கொடுத்து, மச்சில் இருந்த பெட்டியையே இறக்கிக் கொடுத்தார். தான் எழுதியது இன்னும் ஓடுகிறது என்று கேட்டதில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு நாள் முழுக்க உட்காருங்கள்

கணக்குப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கடை திறப்பதிலிருந்து அடைப்பது வரை பாருங்கள். எந்தத் திரையை ஐம்பது தடவை திறக்கிறார், எதைத் தொடவே இல்லை, எந்த இடத்தில் திரையைப் பார்த்துவிட்டுக் கையால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்கிறார் என்பதைக் குறியுங்கள். அந்தத் துண்டுச் சீட்டு ரொம்ப முக்கியம். புரோகிராமில் இல்லாத விதி அதில்தான் இருக்கிறது. மாதக் கடைசி ஒரு தடவை, மார்ச் 31 ஒரு தடவை கூட இருங்கள். வருடத்துக்கு ஒரே தடவை ஓடும் பகுதிதான் யாருக்கும் நினைவில் இல்லாமல் போயிருக்கும்.

முதலில் களங்களை வாசியுங்கள்

நிரலின் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்குகிறவர்கள் மூன்றாம் நாள் சோர்ந்துவிடுவார்கள். எந்தப் பழைய மொழியானாலும் தரவிலிருந்து தொடங்குங்கள். எந்தக் கோப்பில் என்னென்ன களம் (பெயர், விலை போன்ற ஒவ்வொரு விவரத்துக்கும் உள்ள இடம்), ஒவ்வொன்றும் எத்தனை இலக்கம். அதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதற்கப்புறம் நிரல் தானாகப் பேசத் தொடங்கும்.

ஓர் உதாரணம். கோபோலில் ஒரு களத்தின் அளவைப் பிக்சர் என்ற சொல்லால் சொல்வார்கள். திரையில் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். பிக் 9(4)வி99 என்றால் முன்னால் நான்கு இலக்கம், கற்பனையான ஒரு புள்ளி, பின்னால் இரண்டு இலக்கம். அந்த 'வி' இருக்கும் இடத்தில் கோப்பில் புள்ளி எதுவும் இருக்காது, இடம் மட்டும்தான். ஒரு பவுன் விலை நான்கு இலக்கத்தில் இருந்த காலத்தில் நகைக்கடன் புரோகிராம் எழுதியவர் இப்படித்தான் எழுதியிருப்பார். அன்றைக்கு அது சரி. விலை 10,250 ஆனதும் அதை அந்தக் களத்தில் போட்டால் என்ன ஆகும்? புரோகிராம் நிற்காது, சத்தம் போடாது. முன்னாலிருக்கும் 1-ஐ வெட்டிவிட்டு 0250.00 என்று வைத்துக்கொள்ளும். பதினாயிரம் ரூபாய்ப் பவுன் இருநூற்றைம்பதுக்கு மதிப்பாகும். கணக்கிடும் வரிகளில் 'ஆன் சைஸ் எரர்' என்று ஒரு காவல் போடலாம். ஒரு களத்திலிருந்து இன்னொன்றுக்கு வெறுமனே எடுத்துப் போடும் மூவ் வரியில் அந்தக் காவலும் கிடையாது.

ஆகவே புதிதாகப் பொறுப்பேற்றதும் பணம், எடை, எண்ணிக்கை உள்ள ஒவ்வொரு களத்துக்கும் நேரே இரண்டு எண் எழுதுங்கள்: அதில் அடங்கும் அதிகபட்ச எண், இன்றைக்கு வரும் மிகப் பெரிய எண். இரண்டும் நெருங்கியிருக்கும் களங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். இரண்டு நாள் வேலை. ஒரு கடையைக் காப்பாற்றும்.

மெயின்பிரேம் பிள்ளைகளுக்கு இன்னொன்று. காம்ப்-3 என்று எழுதிய களத்தில் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம் அடைத்து வைப்பார்கள், கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி. எஸ்9(7)வி99 என்றால் ஒன்பது இலக்கமும் ஒரு குறியுமாகப் பத்து அரை பைட், ஆக ஐந்து பைட். இதை விரல் விட்டு எண்ணப் பழகுங்கள். ஒரு ரெக்கார்டின் (கோப்பில் ஒருவருக்கான களங்கள் எல்லாம் சேர்ந்த வரி) நீளத்தை எண்ணத் தெரிந்தவர்களுக்குப் பாதிப் பிழைகள் அங்கேயே பிடிபட்டுவிடும்.

கோபோல் பக்கத்தை வாசிக்கும் விதம்

பஞ்ச் கார்டுக்கு 80 நெடுவரிசை. அதன் தடம் இன்னும் இருக்கிறது. முதல் ஆறு வரிசை எண்ணுக்கு, ஏழாவதில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த வரி குறிப்பு மட்டும், எட்டு முதல் பதினொன்று வரை தலைப்புகள், பன்னிரண்டு முதல் 72 வரை வாக்கியங்கள். 72-ஐத் தாண்டி எழுதினால் கம்பைலர் அதைப் பார்க்கவே பார்க்காது. நீளமான வரி எழுதிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் உண்டு.

புரோகிராம் நான்கு டிவிஷன்: பெயர், சூழல், தரவு, செயல். தரவை மேலே சொன்னபடி முடித்துவிட்டுச் செயல் பகுதிக்கு வந்தால், முதல் பத்தியை மட்டும் வாசியுங்கள். 'பெர்ஃபார்ம்' என்று எந்தெந்தப் பத்தியைக் கூப்பிடுகிறது என்று மரம் போல வரையுங்கள். உள்ளே இறங்காதீர்கள். முழு மரமும் வந்த பிறகு உங்களுக்கு வேண்டிய கிளைக்குப் போங்கள்.

முற்றுப்புள்ளியைக் கவனியுங்கள். 1985-க்கு முந்தைய பாணியில் எழுதிய நிரலில் 'இஃப்' எங்கே முடிகிறது என்பதை முற்றுப்புள்ளிதான் சொல்லும். நடுவில் ஒரு புள்ளி தவறி விழுந்தால் அதற்குக் கீழே உள்ள வரி எல்லோருக்கும் ஓடும். மூத்த குடிமக்களுக்கு மட்டும் அரை சதவீதம் கூடுதல் வட்டி என்று நினைத்து எழுதியது ஊர் முழுக்கப் போய்விடும். 85-ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த 'எண்ட்-இஃப்'ஐப் பயன்படுத்துங்கள். ஆனால் பழைய வரிகளை அழகுக்காக மாற்றாதீர்கள்.

வீட்டில் பழக

காசு செலவழிக்க வேண்டியதில்லை. குனு கோபோல் என்ற இலவசக் கம்பைலர் இருக்கிறது, உபுண்டுவில் ஒரே கட்டளையில் இறங்கிவிடும். கிளிப்பருக்கு ஹார்பர் என்ற இலவசக் கம்பைலர். பழைய பிஆர்ஜி கோப்புகளில் பெரும்பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளும். பழைய டாஸ் எக்ஸ்ஈ-யை ஓட்டிப் பார்க்க டாஸ்பாக்ஸ். மெயின்பிரேமைத் தொட்டே பார்க்க வேண்டும் என்றால் ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோரில் பதிவு செய்யுங்கள். உண்மையான இயந்திரத்தில் இலவசமாகப் பயிற்சி தருகிறார்கள். ஓப்பன் மெயின்பிரேம் புராஜெக்டின் கோபோல் பாடமும் இலவசம்தான்.

முதல் பயிற்சியாக 'ஹலோ வேர்ல்டு' எழுதி நேரத்தைக் கழிக்காதீர்கள். இருபது பேர் கொண்ட ஒரு கோப்பு: பெயர், மூடை எண்ணிக்கை, மூடைக்கு என்ன கூலி. அதை வாசித்து, பெருக்கி, கூட்டி, பக்கத் தலைப்போடு அறிக்கை அடிக்கும் புரோகிராம். பிறகு நடுவில் ஒருவருடைய எண்ணிக்கையை வெற்றிடமாக்கிவிட்டு ஓட்டுங்கள். என்ன நடக்கிறது என்று பாருங்கள். தொழில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரவு வேலை

இது மெயின்பிரேம் பிள்ளைகளுக்கு. வங்கிக் கிளை அடைத்த பிறகு அன்றைய வரவு செலவு எல்லாம் வரிசையாக ஓடும் பேட்ச் வேலைகளாகப் போகும். எந்தப் புரோகிராம், எந்தக் கோப்பு, எந்த வரிசை என்று சொல்வது ஜேசிஎல். அதில் மூன்றே மூன்று வகை வாக்கியம்தான் அடிக்கடி வரும்: ஜாப் (முழு வேலை), எக்ஸெக் (அதில் ஒரு ஸ்டெப்பில் ஓடும் புரோகிராம்), டிடி (அதற்கான கோப்பு). ஒவ்வொரு ஸ்டெப்பும் முடிந்ததும் தரும் ரிட்டர்ன் கோடு 0 என்றால் நலம், 4 என்றால் எச்சரிக்கை, 8-ம் அதற்கு மேலும் என்றால் எழுந்து பார்க்க வேண்டும். 'கான்ட்' என்ற நிபந்தனை மட்டும் எல்லோரையும் குழப்பும். அது உண்மையானால் அந்த ஸ்டெப்பை ஓட்டு என்று பொருள் இல்லை. ஓட்டாமல் தாண்டிப் போ என்று பொருள். சத்தமாக வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள்.

இரண்டு மணிக்குப் போன் வந்தால் பெரும்பாலும் 'சாக் செவன்' ஆக இருக்கும், திரையில் எஸ்0சி7. எண் இருக்கவேண்டிய இடத்தில் எண் இல்லை என்று அர்த்தம். மேலே சொன்ன காம்ப்-3 களத்தில் வெற்றிடம் வந்து உட்கார்ந்திருக்கும்; கடைசி அரை பைட்டில் குறி இருக்காது, கூட்ட முடியாமல் இயந்திரம் நிறுத்திவிடும். பயப்படாதீர்கள். எந்த ரெக்கார்டு என்று கண்டுபிடிக்கலாம். ஆனால் சரிசெய்துவிட்டு ஜாபை முதலிலிருந்து ஓட்டிவிடக் கூடாது. அதற்கு முந்தைய ஸ்டெப்பில் வட்டி ஏற்கெனவே ஏறியிருந்தால் இரண்டாவது தடவையும் ஏறிவிடும். எந்த ஸ்டெப்பிலிருந்து திரும்பத் தொடங்கலாம் என்பதை ஒவ்வொரு ஜாபுக்கும் பகலிலேயே கேட்டு எழுதி வையுங்கள். தூக்கக் கலக்கத்தில் யோசிக்கிற விஷயம் இல்லை அது.

மாற்றும்போது

இனி என் கையால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊருக்கு வந்த புதிதில் ஓர் அரிசி மில்லின் புரோகிராமைப் பார்த்தேன். லோடுமேன் கூலி போடும் இடத்தில் ஒரு விநோதமான வரி: தொகையோடு 4.99 கூட்டி, ஐந்தால் வகுத்து, முழு எண்ணை மட்டும் எடுத்து, திரும்ப ஐந்தால் பெருக்குகிறது. குறிப்பு எதுவும் இல்லை. ரூபாய்க்கு முழுமையாக்கத் தெரியாமல் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து, வழக்கமான ரவுண்ட் போட்டு மாற்றிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பட்டுவாடாவில் மேஸ்திரி ஒரு மடங்கிய டைரியோடு வந்து நின்றார். "எய்யா, முப்பத்தேழு மூடை ஏத்துனவனுக்கு நூத்தி இருவத்தஞ்சுல்லா வரணும்? நூத்தி இருவதுதான் போட்டுருக்கு." மூடைக்கு மூன்றே கால் ரூபாய், 37 மூடைக்கு 120.25. பழைய வரி அதை 125 ஆக்கியிருக்கும். என் வரி 120 ஆக்கியது. முதலாளியைக் கேட்டால் சாதாரணமாகச் சொன்னார்: "சில்லறைத் தகராறு வேண்டாம்னு அப்பா காலத்துலயே பேசி முடிச்சது தம்பி. அஞ்சு ரூபாய்க்கு மேல தள்ளித்தான் கொடுக்கணும்." பதினாறு பேருக்கும் குறைந்திருந்தது. அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த மேஸ்திரி டைரி எழுதாதவராக இருந்திருந்தால், எத்தனை வாரம் அவர்கள் பணம் என் ஒரு வரியால் குறைந்திருக்கும்? இதை நான் மறந்ததே இல்லை.

தாமிரபரணிக் கால்வாய்களில் தண்ணீர் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தலைமடையில் ஒரு பலகையைத் தூக்கும் முன் கடைமடைக்காரரிடம் ஆள் அனுப்பிக் கேட்பார்கள். அதையேதான் இங்கேயும் செய்யவேண்டும். ஒரு களத்தையோ வரியையோ மாற்றும் முன் அந்தப் பெயர் வேறு எந்தெந்தக் கோப்பில் வருகிறது என்று எல்லா சோர்ஸிலும் தேடுங்கள். எந்த அறிக்கை அதை வாசிக்கிறது, அந்த அறிக்கையை யார் கையில் வாங்குகிறார் என்று ஆள் வரைக்கும் போய்ப் பாருங்கள். புரியாத வரியைப் பிழை என்று எண்ணாதீர்கள், கேள்வி என்று எண்ணுங்கள்.

மாற்றத்தைச் சின்னதாக வையுங்கள், ஒரு தடவைக்கு ஒன்று. பழையதையும் புதியதையும் ஒரே தரவில் ஓட்டி இரண்டு அறிக்கையையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் மட்டும் வேறுபாடு இருக்க வேண்டும். குறைந்தது ஒரு மாதக் கடைசியாவது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும்.

வரி விகிதம் போன்றவற்றை நிரலுக்குள் எண்ணாக எழுதாதீர்கள். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு ஐந்து சதவீதம் வந்தது. உடனே சந்தையில் 26 கிலோ மூடை வந்தது. 25 என்று எழுதியிருந்த வரிகளையெல்லாம் தேடித் தேடி மாற்றவேண்டியதாயிற்று. 2025 செப்டம்பர் 22-ல் விகிதங்கள் திரும்ப மாறின. விகிதத்தையும் அது எந்தத் தேதியிலிருந்து என்பதையும் ஒரு சின்ன டிபிஎஃப்-இல் வைத்துவிட்டால், அடுத்த தடவை கணக்குப்பிள்ளையே திருத்திக்கொள்வார். பழைய பில்லைத் திரும்ப அடித்தாலும் பழைய விகிதமே வரும்.

இந்த வாரமே பார்க்கவேண்டிய ஒன்று: தேதி

2000-ஆம் ஆண்டுச் சிக்கலை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வருடத்தை இரண்டு இலக்கமாக வைத்திருந்த புரோகிராம்களை அப்போது இரண்டு விதமாகத் திருத்தினார்கள். சிலர் நான்கு இலக்கமாக விரித்தார்கள். நேரம் இல்லாத பலர் ஒரு கோடு கிழித்தார்கள்: 30-க்குக் கீழே என்றால் 20 சேர், 30-ம் அதற்கு மேலும் என்றால் 19 சேர். கிளிப்பரில் இதை 'செட் எபாக் டு 1930' என்ற ஒரே வரியில் செய்துவிடலாம். இருபத்தைந்து வருடத்துக்குப் போதும் என்று செய்தது. அந்த இருபத்தைந்து வருடம் போய்விட்டது.

30 என்று தட்டினால் அந்தப் புரோகிராம் 1930 என்று எடுத்துக்கொள்ளும். இதற்கு 2030 வரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கு ஒருவர் போடும் ஐந்து வருட டெபாசிட்டின் முதிர்வுத் தேதி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. நகல் ஃபோல்டரில் 31, 40, 50 என்று வருடம் கொடுத்து ஒவ்வொரு தேதித் திரையையும் சோதியுங்கள். சோர்ஸ் முழுக்க 'எபாக்' என்ற சொல்லைத் தேடுங்கள். கோபோலில் வருடக் களத்தை 30, 40, 50 போன்ற எண்களோடு ஒப்பிடும் வரிகளைத் தேடுங்கள். டிபிஎஃப் கோப்புக்குள் தேதி எட்டு இலக்கமாகத்தான் சேமிக்கப்படுகிறது. அதனால் ஏற்கெனவே இருக்கும் தரவு பத்திரம், புதிதாகத் தட்டுவதுதான் தவறும். தட்டும் இடத்திலேயே நான்கு இலக்கம் கேட்கும்படி மாற்றுவது நல்லது. கணக்குப்பிள்ளை முதலில் முணுமுணுப்பார், ஒரு வாரத்தில் பழகிவிடுவார்.

புதிதாக எழுதிவிடலாமா?

எல்லோரும் கேட்பது. என் பதில்: சில சமயம், ஆம். 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது. பழைய கம்ப்யூட்டர் நின்றால் உதிரி கிடைக்காது. பாக்ஸ்புரோ கோப்பு இரண்டு ஜிபி-யைத் தாண்டாது. இந்த மூன்றில் ஒன்று நெருங்கினால் திட்டம் போடத்தான் வேண்டும். ஹார்பரில் கம்பைல் செய்தாலே சில கடைகளுக்கு இன்னும் பல வருடம் ஓடும். அதை முதலில் முயன்று பாருங்கள்.

"பழசா இருக்கு" என்பது மட்டும் காரணமாக இருந்தால் வேண்டாம். மெயின்பிரேமிலிருந்து வேறு இயந்திரத்துக்கு மாற்றும்போது வரிசைப்படுத்துவது கூட மாறிவிடும்: அங்கே எழுத்துகளுக்குப் பின்னால் எண்கள் வரும், இங்கே எண்களுக்குப் பின்னால் எழுத்துகள். இப்படி நூறு விஷயம் யாரும் எழுதி வைக்காமல் உள்ளே இருக்கும். வாசித்து முடிக்காத புரோகிராமைத் திரும்ப எழுத முடியாது. 2020 ஏப்ரலில் கொரோனா நேரத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநர் கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார். வேலையிழந்தவர்களின் விண்ணப்பம் குவிந்துகொண்டிருந்தது. ஆள் வளர்க்காமல் விட்டால் வரும் நிலை அது.

மெயின்பிரேம் புராஜெக்டில் மாட்டிக்கொண்டோம் என்று வருந்துகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். பைத்தான், ஜாவாவையும் விடாதீர்கள். இரண்டு பக்கமும் தெரிந்தவர்களைத்தான் மாற்றும் வேலைக்கும் தேடுகிறார்கள். நேர்காணலில் "கோபோல் தெரியும்" என்று மட்டும் சொல்லாமல், ஒரு களம் நிரம்பியதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், ஒரு ஜாபை எந்த ஸ்டெப்பிலிருந்து திரும்ப ஓட்டினீர்கள் என்று சொல்லுங்கள். வீட்டில் பழகியதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு நோட்டு

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே கயிறு போட்டுக் கட்டி வையுங்கள். என்ன மாற்றினீர்கள், எந்தக் கோப்பில், எந்தத் தேதியில், யார் சொல்லி, ஏன். தமிழில் எழுதுங்கள், கணக்குப்பிள்ளையும் வாசிக்கட்டும். அதையே நிரலுக்குள்ளும் நட்சத்திரக் குறி போட்டு எழுதுங்கள். பழைய டாஸ் திரையில் தமிழ் எழுத்து வராது, ஆங்கில எழுத்தில் தமிழாகவே எழுதினால் போதும். அந்த மில்லின் கூலி வரியைப் பழையபடி திருத்திய அன்று அதற்கு மேலே நான் எழுதி வைத்தது இன்னும் இருக்கிறது:

* மூடைக் கூலி ஐந்து ரூபாய்க்கு மேலே தள்ளி. முதலாளியின் அப்பாவும் மேஸ்திரியும் பேசி முடித்தது. மாற்றும் முன் இரண்டு பேரையும் கேள்.